மூளை ஸ்கேன் ஆராய்ச்சி: உள்ளே படுப்பதற்கு முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

மூளை ஆராய்ச்சிக்காக எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொள்ள முன்வருகிறவர்களும், துணைக்கு வருகிற வீட்டாரும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஸ்கேன் அறை வாசலில் நின்றுகொண்டு சொல்லும் பதில் எப்போதும் அவசரப் பதிலாகவே முடிகிறது. அடுத்தவர் காத்திருப்பார், இயந்திரத்தின் நேரம் போய்க்கொண்டிருக்கும். அதனால் உட்கார்ந்து எழுதினேன். சில கேள்விகளுக்கு நாலு வரி போதும், சிலவற்றுக்கு நீளமாகச் சொன்னால்தான் நியாயம்.

டாக்டர் எழுதிக் கொடுத்து எடுக்கிற ஸ்கேனும் இதுவும் ஒன்றுதானே?

இயந்திரம் ஒன்றுதான், கேள்வி வேறு. டாக்டர் எழுதிக் கொடுக்கிற ஸ்கேன் உங்கள் ஒருவரைப் பற்றியது: தலைவலிக்குக் காரணம் கட்டியா, இந்தக் கை மரத்துப் போனது பக்கவாதமா என்று பார்ப்பது. ஆராய்ச்சி ஸ்கேன் உங்களைப் போன்ற பலரைப் பற்றியது. அறுபது வயதுக்கு மேல் நினைவு எப்படி மாறுகிறது, இரண்டு மொழி பேசுகிறவர்கள் சொல்லை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பது போன்ற கேள்விக்கு உங்கள் மூளை ஒரு சாட்சி.

ஆகவே முடிவில் உங்கள் கையில் ரிப்போர்ட் கிடைக்கும் என்று எதிர்பார்த்து வராதீர்கள். ‘இலவசமாக ஒரு ஸ்கேன் கிடைக்கும்’ என்று யாராவது சொல்லி அனுப்பியிருந்தால், அந்த எண்ணத்தை முதலிலேயே இறக்கி வைத்துவிடுவது நல்லது. நீங்கள் கொடுக்க வருகிறீர்கள். உங்களுக்கு நேரடியாகக் கிடைப்பது குறைவு. இதை மறைத்துப் பேசி ஒருவரைச் சேர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எக்ஸ்-ரே எடுத்தால் போதாதா?

எலும்புக்குப் போதும். 1895இல் ராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்ததும் உலகமே கை எலும்பைப் பார்த்து வியந்தது. ஆனால் மூளை மண்டையோட்டுக்குள் இருக்கிறது. எக்ஸ்-ரேயில் மண்டையோடு பளிச்சென்று தெரியும், உள்ளே இருக்கிற மென்மையான மூளை தெரியாது.

அதனால் அந்தக் காலத்து மருத்துவர்கள் செய்ததைக் கேட்டால் இன்றைக்கும் மனம் கனக்கிறது. அமெரிக்காவில் வால்டர் டாண்டி என்ற அறுவை நிபுணர் 1918இல் மூளைக்குள் இருக்கும் நீர் அறைகளில் காற்றைச் செலுத்திப் படம் எடுத்தார். அடுத்த வருடம் முதுகுத்தண்டு வழியாகவே காற்றை ஏற்றும் முறை வந்தது. நோயாளிக்குத் தாங்க முடியாத தலைவலியும் வாந்தியும் வரும். 1927இல் போர்ச்சுகலில் எகாஸ் மோனிஸ் கழுத்து ரத்தக் குழாயில் மருந்தைச் செலுத்தி மூளையின் ரத்தக் குழாய்களைப் படம் பிடித்தார். இவ்வளவு பட்டும் மூளை தெரியாது. அதன் அறைகளும் குழாய்களும் எந்தப் பக்கம் தள்ளப்பட்டிருக்கின்றன என்று பார்த்துக் கட்டி எங்கே இருக்கும் என்று ஊகிப்பார்கள், அவ்வளவுதான். 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி மூளை அறுவைப் பிரிவைத் தொடங்கியபோதும், அடுத்த வருடம் சென்னை பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கியபோதும், எக்ஸ் கதிரைப் பல கோணங்களில் செலுத்திக் கணினியால் குறுக்கு வெட்டுப் படமாக்கும் சி.டி. ஸ்கேன் பிறக்க இன்னும் இருபது வருடம் இருந்தது. அவர்கள் கத்தியை எடுத்தது இந்த ஊகப் படங்களை நம்பித்தான்.

1971 அக்டோபர் 1ஆம் தேதி, லண்டன் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், மூளையின் முன்பகுதியில் கட்டி இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு முதல் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். வடிவமைத்தவர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற பொறியாளர். படத்தில் 80க்கு 80 கட்டங்கள்தான், இன்றைய போனில் ஒரு சின்ன ஐகான் அளவு. ஆனால் அதில் கட்டி தெரிந்தது. மண்டையைத் திறக்காமல், காற்று ஏற்றாமல், மனித மூளையின் குறுக்கு வெட்டு முதல் முறையாகக் கண்ணுக்குப் பட்டது. 1979இல் அவருக்கும் ஆலன் கார்மக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை என்கிறீர்கள். பிறகு படம் எப்படி வருகிறது?

எக்ஸ் கதிர் இல்லை. காந்தமும் ரேடியோ அலையும்தான்.

உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீரில் ஹைட்ரஜன். ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுவின் கருவும் ஒரு குட்டிக் காந்தம் போல நடந்துகொள்ளும். சாதாரணமாக அவை ஆளுக்கொரு திசையில் கிடக்கும். ஆராய்ச்சியில் பெரும்பாலும் பயன்படுகிற 3 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்த வலுவை அளக்கும் அலகு) இயந்திரத்தின் காந்தம் பூமியின் காந்தத்தைப் போல ஐம்பதாயிரம் மடங்குக்கும் மேல் வலுவானது. அதற்குள் படுத்தால் அந்தக் குட்டிக் காந்தங்களில் பத்து லட்சத்துக்கு ஒரு சில என்ற கணக்கில் ஒரே பக்கம் கூடுதலாகச் சாயும். அந்தச் சிறு சாய்வு போதும். சரியான அலைவரிசையில், 3 டெஸ்லாவுக்கு ஏறக்குறைய 128 மெகாஹெர்ட்ஸ், ரேடியோ அலையைக் கொடுத்தால் அவை தள்ளாடும். அலையை நிறுத்தியதும் பழைய நிலைக்குத் திரும்பிக்கொண்டே தாங்களும் ஒரு மெல்லிய ரேடியோ அலையை விடும். தலையைச் சுற்றி மாட்டுகிற கூண்டு அதைக் கேட்கிற ஆண்டெனா.

நரம்பணுக்கள் நிறைந்த சாம்பல் பகுதி, நரம்பு இழைகள் ஓடும் வெள்ளைப் பகுதி, நீர் என ஒவ்வொன்றிலும் ஹைட்ரஜன் திரும்புகிற வேகம் வேறு. அந்த வேறுபாடுதான் படத்தில் கறுப்பும் வெளுப்புமாகத் தெரிவது. எங்கிருந்து அலை வருகிறது என்று கண்டுபிடிக்கும் வழியை 1973இல் பால் லாட்டர்பர் காட்டினார், பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் அதை வேகமாக்கினார். 2003இல் இருவருக்கும் நோபல்.

ஏன் அவ்வளவு சத்தம்?

இடத்தைக் கண்டுபிடிப்பதற்காக இன்னும் சில கம்பிச் சுருள்களில் மின்சாரத்தை நொடிக்குப் பல முறை மாற்றிப் பாய்ச்சுகிறோம். பெரிய காந்தத்துக்கு நடுவே அந்தச் சுருள்கள் அதிர்ந்து அடிக்கும். நூறு டெசிபலைத் தாண்டுவதும் உண்டு. காதில் பஞ்சு போன்ற அடைப்பான், அதற்கு மேல் காதுறை, இரண்டையும் போடாமல் யாரையும் உள்ளே அனுப்பக் கூடாது. தர மறந்தால் கேட்டு வாங்குங்கள்.

தாலி, மெட்டி, மூக்குத்தி எல்லாம் கழற்றியே ஆக வேண்டுமா?

ஆம். சுத்தத் தங்கத்தைக் காந்தம் இழுக்காது என்பது உண்மை. ஆனால் நகையில் கலந்திருக்கிற உலோகம் என்ன, கொக்கியில் இரும்பு ஸ்பிரிங் இருக்கிறதா என்பது யாருக்கும் தெரியாது. இழுக்காத உலோகம்கூட ரேடியோ அலையில் சூடாகலாம், பக்கத்தில் படத்தைக் கெடுக்கலாம். அரைஞாண் கயிற்றில் கோத்த தாயத்தை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள், உள்ளே தகடு இருக்கும். சேஃப்டி பின், கொண்டை ஊசி, ஜாக்கெட் கொக்கி, கொலுசு, சில்லறை, ஏ.டி.எம். அட்டை, காது கேட்கும் கருவி எல்லாமே வெளியில்.

தாலியைக் கழற்றத் தயங்குகிறவர்களிடம் நான் வற்புறுத்துவதில்லை. மஞ்சள் கயிற்றில் மாற்றிக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு, கயிறு பிரச்சினை இல்லை. அதுவும் மனதுக்கு ஒப்பவில்லை என்றால் ஆராய்ச்சியில் சேராமல் இருக்கலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

பேஸ்மேக்கர், மூளை ரத்தக் குழாயில் போட்ட கிளிப், கேட்பதற்காகக் காதுக்குள் பொருத்திய காக்ளியர் கருவி, கண்ணில் எப்போதோ தெறித்த இரும்புத் துகள் இவற்றைச் சொல்லாமல் விடக் கூடாது. லேத், வெல்டிங் வேலை செய்தவர்களிடம் கண்ணைப் பற்றித் தனியாகக் கேட்பதன் காரணம் இதுதான். இந்தக் காந்தத்துக்கு ஆஃப் சுவிட்ச் கிடையாது என்று நினைத்துக்கொள்ளுங்கள். சுருள்கள் ஏறக்குறைய மைனஸ் 269 டிகிரியில் திரவ ஹீலியத்தில் கிடக்கின்றன, ஸ்கேன் ஓடாத நேரத்திலும், இரவிலும், ஞாயிற்றுக்கிழமையிலும் காந்தம் காந்தமாகவே இருக்கும். 2001இல் நியூயார்க்கில் ஒரு ஆறு வயதுச் சிறுவனும், 2018இல் மும்பையில் உறவினருக்கு உதவியாகப் போன ஒரு இளைஞரும் ஸ்கேன் அறைக்குள் கொண்டுவரப்பட்ட ஆக்சிஜன் சிலிண்டரால் உயிரிழந்தார்கள். இரண்டுமே தவிர்த்திருக்கக்கூடிய மரணங்கள். வாசலில் நாங்கள் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டால் எரிச்சல்பட வேண்டாம்.

செய்தித்தாளில் வருகிற படத்தில் மூளை சிவப்பும் மஞ்சளுமாக எரிகிறதே, அதுதான் எண்ணமா?

இல்லை. இந்தப் பக்கம் முழுவதையும் படிக்க நேரமில்லாதவர்கள் இந்த ஒரு பதிலையாவது படியுங்கள்.

மூளைக்குள் எதுவும் எரிவதில்லை, நிறமும் மாறுவதில்லை. கணினி போடுகிற நிறம் அது. நரம்பணுக்களின் வேலையை அந்தப் படம் நேராகப் பார்ப்பதும் இல்லை, ரத்தத்தைத்தான் பார்க்கிறது.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிசையில் இலைகள் சட்டென்று காலியாகின்றன. பரிமாறுகிறவர்கள் கவனித்து, வாளியைத் தூக்கிக்கொண்டு அங்கே வர ஐந்தாறு விநாடி ஆகிறது. வரும்போது தேவைக்கு மேலேயே கொண்டு வருவார்கள். மண்டபத்தின் மாடியிலிருந்து பார்க்கிற உங்களுக்குச் சாப்பிடுகிறவர் கை தெரியாது, வாளிகள் எந்த வரிசையில் கூடுகின்றன என்பது மட்டும் தெரியும். செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. என்கிற இந்தப் படம் வாளியைப் பார்க்கிற வேலைதான். வாளி என்பது ஆக்சிஜனைக் கொண்டு வருகிற ரத்தம்.

ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினுக்கும் ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினுக்கும் காந்தத் தன்மை வேறு என்று 1936இலேயே லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் சொல்லிவிட்டார்கள். 1990இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் செய்ஜி ஒகாவா எலி மூளையில் அதைப் படமாகவே பார்த்தார். எலி சாதாரணக் காற்றைச் சுவாசித்தபோது ரத்தக் குழாய்கள் கறுப்புக் கோடுகளாகத் தெரிந்தன, சுத்த ஆக்சிஜன் கொடுத்ததும் கோடுகள் மறைந்தன. இரண்டு வருடத்தில் மனித மூளையில் இதை வைத்து ஆய்வுகள் தொடங்கிவிட்டன. ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, ஒரே ஆளைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

ஆனால் அளவைக் கவனியுங்கள். வேலை செய்யும் இடத்தில் சமிக்ஞை கூடுவது பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான். படத்தின் ஒரு கட்டம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருக்கும், அதற்குள் பல லட்சம் நரம்பணுக்கள் அடங்கும். நரம்பணு பேசுவது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கில், நமக்குத் தெரிவது ஐந்து விநாடி கழித்து. மேலும் நிறம் போட்ட இடத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் தூங்குவதாகவும் பொருள் இல்லை. மூளை உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான், ஆனால் சும்மா படுத்திருக்கும்போதும் உடம்பின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. நிறம் என்பது ‘இந்த வேலையின்போது அந்த வேலையைவிட இங்கே கொஞ்சம் கூடுதல்’ என்கிற கழித்தல் கணக்கு. ‘காதல் இருக்கும் இடம் கண்டுபிடிக்கப்பட்டது’ என்று தலைப்பைப் பார்த்தால், எதிலிருந்து எதைக் கழித்தார்கள் என்று கேளுங்கள்.

கணக்கு என்றால் தப்பாகவும் வரலாமே?

வரலாம், வந்திருக்கிறது. அதை இந்தத் துறையினரே வெளியே கொண்டு வந்தார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

2009இல் கிரெய்க் பெனட்டும் அவருடைய சகாக்களும் ஒரு செத்த சால்மன் மீனை ஸ்கேனருக்குள் வைத்தார்கள். மனிதர்களுக்குச் செய்வது போலவே அதற்குப் புகைப்படங்களைக் காட்டி, அதில் இருப்பவர் என்ன உணர்கிறார் என்று கேட்டார்கள். அப்போது பலர் பயன்படுத்திய தளர்வான கணக்கைப் போட்டபோது மீனின் மூளையில் ஒரு இடம் ‘வேலை செய்தது’. முறையான திருத்தத்தைச் சேர்த்ததும் அது காணாமல் போனது.

காரணம் எளிது. ஒரு லட்சம் பேரை நிறுத்திப் பத்து முறை பூவா தலையா போடச் சொன்னால் ஏறக்குறைய நூறு பேருக்குப் பத்தும் தலையாகவே விழும். அவர்களிடம் தனித் திறமை எதுவும் இல்லை. மூளைப் படத்தில் லட்சம் கட்டங்கள் இருக்கும்போது சில கட்டங்கள் தற்செயலாகவே எகிறும், அதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

2016இல் ஆண்டர்ஸ் எக்லுண்ட் குழு, பரவலாகப் பயன்பட்ட மென்பொருள்களில் ஒரு வகைக் கணக்கு சில நேரங்களில் நூற்றுக்கு ஐந்துக்குப் பதிலாக எழுபது வரைக்கும்கூடப் பொய்யான முடிவைத் தருவதாகக் காட்டியது. 2020இல் இன்னொரு பரிசோதனை: ஒரே தரவை 70 குழுக்களிடம் கொடுத்து, ஒரே ஒன்பது ஊகங்களைச் சரிபார்க்கச் சொன்னார்கள். எழுபதில் எந்த இரண்டு குழுவும் ஒரே வழியில் கணக்குப் போடவில்லை, பல ஊகங்களுக்கு முடிவும் ஆளுக்கு ஆள் மாறியது. இது போன்ற அனுபவங்களால்தான் ‘கணக்கை எப்படிப் போடப் போகிறோம் என்பதை ஸ்கேன் எடுக்கும் முன்பே எழுதிப் பதிவு செய்’ என்கிற பழக்கம் வலுப்பட்டது. நீங்கள் சேரும் ஆய்வில் அப்படிச் செய்திருக்கிறார்களா என்று தாராளமாகக் கேட்கலாம்.

ஏன் இவ்வளவு பேரைக் கூப்பிடுகிறீர்கள்? இருபது பேர் போதாதா?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். மூளை விஷயத்தில் அது பொருந்தாது, ஒவ்வொரு தலையும் தனிப் பானை.

மூளையின் ஒரு பகுதி எவ்வளவு தடிமன் என்பதற்கும் ஒருவருடைய மனச்சோர்வுக்கோ புத்திக்கூர்மைக்கோ தொடர்பு தேடினால், உண்மையான தொடர்பு மிகச் சிறியதாக இருக்கும். அதை நம்பும்படி பிடிக்க ஆயிரக்கணக்கில் ஆட்கள் வேண்டும் என்று 2022இல் ஸ்காட் மாரெக் குழு காட்டியது. பிரிட்டனின் யு.கே. பயோபேங்க் என்ற பெரிய மருத்துவ ஆய்வுத் திட்டம் 2014இல் தொடங்கி 2025இல் ஒரு லட்சம் பேரை ஸ்கேன் எடுத்து முடித்தது இந்தத் தேவைக்காகத்தான்.

அதற்காகச் சின்ன ஆய்வெல்லாம் வீண் என்று சொல்ல மாட்டேன். கேள்வி கூர்மையாக இருந்தால் குறைந்த ஆட்களும் போதும். லண்டனில் எலினார் மக்வயர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் டாக்சி ஓட்டுநர்கள் 16 பேர்தான். லண்டன் டாக்சி உரிமம் வாங்க ஏறக்குறைய 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். அவர்களுக்கு, நினைவுக்கும் வழி அறிவதற்கும் உதவுகிற ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியின் பின்பக்கம் மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. ‘அப்படிப் பிறந்தவர்கள்தான் ஓட்டுநர் ஆகிறார்களோ?’ என்று சந்தேகம் வந்தது. அவர் விடவில்லை. பயிற்சிக்குச் சேர்ந்த 79 பேரைத் தொடக்கத்திலும் வருடங்கள் கழித்தும் ஸ்கேன் எடுத்தார். தொடக்கத்தில் வித்தியாசம் இல்லை, தேர்வில் தேறிய 39 பேருக்கு மட்டும் அந்தப் பகுதி வளர்ந்திருந்தது. வளர்ந்தவரின் மூளையும் உழைப்பால் உருமாறும் என்பதற்கு இதைவிட அழகான சாட்சி எனக்குத் தெரியாது.

நான் மனதில் நினைப்பதைப் படித்துவிடுவீர்களா? போலீஸ் பயன்படுத்த முடியுமா?

உங்கள் விருப்பம் இல்லாமல் முடியாது. 2023இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் ஹூத் குழு, கதை கேட்கிறவரின் ஸ்கேனிலிருந்து அந்தக் கதையின் சாரத்தை வாக்கியமாக்கிக் காட்டியது. ஆனால் அதற்கு அந்த ஆள் 16 மணி நேரம் ஸ்கேனருக்குள் படுத்துக் கதை கேட்டுக் கணினியைப் பழக்கியிருக்க வேண்டும். ஒருவருக்குப் பழக்கியது இன்னொருவருக்குப் பலிக்கவில்லை. மனதுக்குள் எண்களை எண்ணினாலோ விலங்குகளின் பெயரை அடுக்கினாலோ கணினி தடுமாறியது.

சட்டமும் உங்கள் பக்கம்தான். இந்தியாவில் மூளை அலைகளை வைத்து ‘குற்றத்தின் நினைவு இருக்கிறதா’ என்று பார்க்கும் சோதனையை 2008இல் புனே நீதிமன்றம் ஒன்று ஒரு கொலை வழக்கில் கணக்கில் எடுத்துக்கொண்டது, உலகெங்கும் விஞ்ஞானிகள் கவலைப்பட்டார்கள். 2010 மே 5ஆம் தேதி செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம், உண்மை கண்டறியும் ஊசி, பாலிகிராஃப் என்கிற பொய் கண்டறியும் சோதனை, மூளை மின்சோதனை மூன்றையும் ஒருவர் மீது வலுக்கட்டாயமாகச் செய்யக் கூடாது என்று தீர்ப்பளித்தது.

கோமாவில் இருக்கும் எங்கள் வீட்டு ஆளுக்கு நினைவு இருக்கிறதா என்று ஸ்கேனில் தெரியுமா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்வது கஷ்டம். தெரிந்ததை அப்படியே சொல்கிறேன்.

2006இல் ஏட்ரியன் ஓவன் குழு இங்கிலாந்தில் 23 வயதுப் பெண் ஒருவரை ஸ்கேன் எடுத்தது. சாலை விபத்துக்குப் பிறகு ஐந்து மாதமாகக் கண் திறந்திருந்தும் எதற்கும் அசைவில்லை. உணர்வற்ற நிலை என்றே மருத்துவர்கள் குறித்திருந்தார்கள். ஸ்கேனருக்குள் அவரிடம் ‘டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்’ என்றார்கள். அப்புறம், ‘உங்கள் வீட்டுக்குள் ஒவ்வொரு அறையாக நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்’ என்றார்கள். முதல் கட்டளைக்கு அசைவைத் திட்டமிடும் பகுதியும், இரண்டாவதற்கு இடத்தை நினைவுகொள்ளும் பகுதியும், நல்ல நிலையில் இருப்பவர்களைப் போலவே வேலை செய்தன. அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

2010இல் 54 நோயாளிகளிடம் இதைச் செய்தபோது ஐந்து பேரால் முடிந்தது. அதில் ஒருவரிடம் ‘ஆம் என்றால் டென்னிஸ், இல்லை என்றால் வீடு’ என்று சொல்லி அவர் வாழ்க்கையைப் பற்றி ஆறு கேள்வி கேட்டார்கள். ஐந்துக்குச் சரியான பதில் வந்தது. 2024இல் பல நாடுகள் சேர்ந்த ஆய்வு வெளியானது. படுக்கையருகே சொன்னதற்கு எந்த அசைவும் காட்டாத 241 பேரில் 60 பேர், நாலில் ஒருவர், மூளை வழியாகக் கட்டளையைப் பின்பற்றினார்கள்.

இனி கவனமாகக் கேளுங்கள். அதே ஆய்வில், படுக்கையருகே கட்டளைக்கு அசைந்து காட்டியவர்களிலும் நூற்றுக்கு 38 பேருக்குத்தான் ஸ்கேனிலோ மூளை மின்பதிவிலோ அது தெரிந்தது. அதாவது ஸ்கேனில் ஒன்றும் வரவில்லை என்பதை வைத்து ‘உள்ளே யாரும் இல்லை’ என்று சொல்லவே முடியாது. வந்தால் ஒரு சேதி, வராவிட்டால் எந்தச் சேதியும் இல்லை. சில ஆராய்ச்சி மையங்களில் மட்டும் நடக்கிற சோதனை இது. எங்கேயோ ஒரு இடத்தில் பணம் கட்டினால் எடுத்துக் கொடுப்பார்கள் என்று யாராவது சொன்னால் உங்கள் நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் போகாதீர்கள். அதுவரை அவர் படுக்கைக்குப் பக்கத்தில் அவர் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அவருக்குக் கேட்கும் என்று வைத்துக்கொண்டு பேசுங்கள்.

மறதி நோய் வருமா என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்ல முடியுமா?

ஓரளவு, அதுவும் வேறு ஸ்கேனில். அல்சைமர் நோயில் மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படிகிறது. அதில் போய் ஒட்டுகிற, லேசான கதிர்வீச்சுள்ள மருந்தை ஊசியில் போட்டு பெட் ஸ்கேன் எடுத்தால் படிவு தெரியும். அதற்கு முன்பெல்லாம் இறந்தவரின் மூளையை வெட்டிப் பார்த்தால்தான் உறுதி. 2002இல் ஸ்வீடனின் உப்சாலாவில் உயிரோடு இருக்கும் ஒருவருக்கு இதை முதன்முதலில் செய்தார்கள்.

அமிலாய்டு அறிகுறிகளுக்கு 15, 20 வருடம் முன்பே படியத் தொடங்கலாம். படிவு இருந்தும் கடைசி வரை மறதி வராதவர்களும் உண்டு. ஆகவே மறதி இல்லாத ஒருவருக்குப் பயத்துக்காக இந்த ஸ்கேன் எடுப்பதை நான் ஆதரிப்பதில்லை. லெகானெமாப் போன்ற புது மருந்துகள் படிவைக் குறைத்து நோயின் போக்கைச் சற்று மெதுவாக்குகின்றன, ஆனால் மூளையில் வீக்கமோ சிறு ரத்தக் கசிவோ வரலாம் என்பதால் அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணிக்க வேண்டும்.

என் ஸ்கேனில் எதிர்பாராமல் ஏதாவது தெரிந்தால்?

நெதர்லாந்தின் ராட்டர்டாமில் பொதுமக்கள் 2,000 பேரை ஸ்கேன் எடுத்தபோது நூற்றுக்கு ஏழு பேருக்குத் தெரியாமலே வந்துபோன சிறு பக்கவாதத்தின் தழும்பு இருந்தது. நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவாக ரத்தக் குழாய் வீக்கம், அதே அளவில் தீங்கில்லாத கட்டி. இது 2007இல் வெளியானது. ஆகவே ‘எனக்கு எதுவும் இருக்காது’ என்று நினைத்து வராதீர்கள், ‘இருந்தால் போச்சு’ என்றும் பயப்படாதீர்கள். கண்டதில் பெரும்பகுதி வாழ்நாள் முழுக்கத் தொல்லை தராதவை.

ஒப்புதல் படிவத்தில் இது ஒரு தனிக் கேள்வியாக இருக்க வேண்டும்: தெரிந்தால் சொல்ல வேண்டுமா, யாரிடம் சொல்ல வேண்டும்? வீட்டில் பேசிவிட்டு நிரப்புங்கள்.

என் படம் யார் கைக்குப் போகும்?

பெயரை நீக்கி எண் போடுவோம். அது போதாது. எம்.ஆர்.ஐ.யில் மூக்கு, நெற்றி, கன்னம் எல்லாம் பதிவாகும், அதிலிருந்து முகத்தையே கட்டிவிடலாம். 2019இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 84 தன்னார்வலர்களின் ஸ்கேனைப் புகைப்படங்களுடன் ஒப்பிட்டார்கள். முகத்தை அடையாளம் காணும் மென்பொருள் 70 பேரைச் சரியாகப் பிடித்தது. அதனால் தரவைப் பகிரும் முன் படத்திலிருந்து முகத்தை அழித்துவிட வேண்டும். ‘முகத்தை நீக்குவீர்களா?’ என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, பதில் தெரியாமல் விழிக்கிற குழுவிடம் ஸ்கேனுக்குப் படுக்காதீர்கள்.

வெள்ளைக்காரர்கள் மூளையை வைத்து எழுதியதை நமக்கு எப்படிப் பொருத்துவது?

மிகச் சரியான கேள்வி. வெவ்வேறு ஆட்களின் மூளையை ஒப்பிட ஒரு பொது வரைபடம் வேண்டும். நீண்ட காலம் பயன்பட்ட தலைராக் வரைபடம் ஒரே ஒரு பிரெஞ்சு மூதாட்டியின் மூளை. பிறகு வந்தது கனடாவின் மான்ட்ரியலில் 152 பேரின் சராசரி. நம் மூளையின் சராசரி நீள அகலம் அதிலிருந்து சற்று வேறுபடுகிறது. அளவுக்கும் அறிவுக்கும் முடிச்சுப் போடாதீர்கள், வரைபடம் பொருந்தாவிட்டால் அளவெடுப்பு பிசகும், அவ்வளவுதான். ஐதராபாத் ஐ.ஐ.ஐ.டி. 100 இந்தியர்களை வைத்து ஒரு வரைபடம் செய்திருக்கிறது. பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி. வளாகத்தில் உள்ள மூளை ஆராய்ச்சி மையம், கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரத்தில் கிராமத்து முதியவர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்துவருகிறது. படிப்பு வாய்க்காத, வயலில் உழைத்த மனிதர்கள் முதுமையில் எப்படி நினைவை வைத்துக்கொள்கிறார்கள் என்பது வேறெங்கும் எளிதில் கிடைக்காத தகவல்.

சென்னையிலும் ஒன்று நடந்திருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் ‘தரணி’ என்ற வரைபடத்தை வெளியிட்டது. கருவில் 14 முதல் 24 வாரம் வரையான மூளைகளை மெல்லிய சீவல்களாக்கி, மொத்தம் 5,132 சீவல்களை ஒவ்வொரு செல்லும் தெரியும்படி படமாக்கியிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பிறக்காத பிள்ளைகளின் மூளை அது. துக்கத்தின் நடுவே ஒப்புதல் தந்த பெற்றோர் இருந்ததால்தான் இது நடந்தது என்பதை நினைக்காமல் என்னால் அந்தப் படங்களைப் பார்க்க முடிவதில்லை.

பெரிய காந்தம் இருக்கிற இடம்தான் நல்ல இடமா?

கேள்வியைப் பொறுத்தது. பிரான்சில் 11.7 டெஸ்லா இயந்திரம் 2024இல் முதல் மனித மூளைப் படங்களைக் காட்டியது, காந்தத்தின் எடை மட்டும் 132 டன். இன்னொரு பக்கம் 0.064 டெஸ்லாவில், படுக்கையருகே தள்ளிக்கொண்டு போகிற எம்.ஆர்.ஐ. வந்துவிட்டது. படம் மங்கல்தான். ஸ்கேனரே இல்லாத தாலுகா ஆஸ்பத்திரிக்கு எது வேண்டும் என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

பயமாக இருந்தால் பாதியில் வெளியே வரலாமா?

வரலாம். கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்போம். அமுக்கினால் வெளியே மணி அடிக்கும், நிறுத்திவிட்டு வந்துவிடுவோம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒப்புதலில் கையெழுத்துப் போட்டாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காதீர்கள், கையெழுத்துப் போட்டவருக்கு எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ள உரிமை உண்டு.

கண்ணை உள்ளே போகும் முன்பே மூடிக்கொண்டால் பலருக்கு இடுக்கம் தெரிவதில்லை. சாப்பிட்டு வாருங்கள், காபியைப் பற்றி முன்னாலேயே கேளுங்கள், சில ஆய்வுகளில் கூடாது. பாத்ரூம் போய்விட்டு வாருங்கள், ஒரு மணி நேரம் ஆகலாம். தலைக்கு எண்ணெய் வைத்திருந்தால் பரவாயில்லை. கொண்டை ஊசியை மட்டும் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.